கேலிக் புனித இடங்களின் நிலக்காட்சி அச்சுப்படம்: எந்த இடம், எந்த அச்சு முறை?

வீட்டில் ஒரு சுவருக்கு ஒரே ஒரு நிலக்காட்சி அச்சுப்படம் வாங்குவது என்றும், அது அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் பொதுவான கேலிக் மரபின் புனித இடம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றும் தீர்மானித்துவிட்ட ஒருவருக்கு, அதற்குமேல் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒன்று. அந்த இடத்தை எந்த முறையில் அச்சிட்ட படமாக வாங்குவது என்பது மற்றொன்று. கடைகளில் இவ்விரண்டையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ‘கெல்டிக்’ என்ற பொதுப்பெயரின் கீழ் பச்சைக் குன்றுகளும் மூடுபனியும் பின்னல் கோலங்களும் ஒரே அடுக்கில் விற்கப்படுகின்றன. இடமும் அச்சு முறையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது என் உறுதியான கருத்து. செதுக்கி அச்சிடும்போது உயிர்பெறும் மலை, புகைப்படத் தாளில் வெறும் சுற்றுலா விளம்பரமாகச் சுருங்கிவிடலாம். மென்மையான வண்ண மாற்றங்களால் மட்டுமே பிடிபடும் தீவு, கனத்த கறுப்புக் கோடுகளில் அடையாளம் இழந்துவிடலாம். ஆகவே இக்கட்டுரை இடங்களையும் முறைகளையும் இணைத்தே ஒப்பிடுகிறது.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். கேலிக் மரபில் புனிதம் பெரும்பாலும் கட்டடத்தைச் சார்ந்து நிற்பதில்லை. ஊற்று, மலை, தனிக்கல், கடலுக்குள் நிற்கும் பாறைத் தீவு ஆகியவையே அங்கு வழிபாட்டின் மையங்கள். அயர்லாந்தில் மட்டும் ஏறத்தாழ 3,000 புனித ஊற்றுகள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு ஒரு கல் விளிம்பையும் அருகே ஒரு மரத்தையும் தவிர வேறு அடையாளமே கிடையாது. அந்த இடங்களைப் புனிதமாக வைத்திருப்பது மக்கள் அங்கே செய்யும் செயல்தான். சூரியன் செல்லும் திசையில் வலமாகச் சுற்றுவது, சுற்றுகளைக் கூழாங்கற்களால் எண்ணுவது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட வழியில் ஏறுவது என்று அந்தச் செயல்கள் அமைகின்றன. பிப்ரவரி முதல் நாள் புனித பிரிஜிட்டுக்கும், மே முதல் நாள் கோடையின் தொடக்கத் திருநாளான பெல்டேனுக்கும், ஆகஸ்ட் தொடக்கம் லூனசா அறுவடைத் திருநாளுக்கும், நவம்பர் முதல் நாள் குளிர்காலத் தொடக்கத் திருநாளான சவினுக்கும் உரியவை. கிறித்தவம் வந்தபின் பல இடங்களுக்குப் புனிதர்களின் பெயர்கள் வந்து சேர்ந்தன; பருவ நாள்களோடு அவ்விடங்களுக்கு இருந்த தொடர்பு அறுபடவில்லை. எனவே ஒரு படத்தை எடுத்துப் பார்க்கும்போது நான் கேட்பது இதைத்தான்: அந்த நிலத்தில் மனிதர்கள் செய்து வந்த செயலின் தடம் இதில் எங்காவது இருக்கிறதா, அல்லது நிலம் வெறும் மனநிலை அலங்காரமாக மட்டும் மாற்றப்பட்டிருக்கிறதா?

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் படமே முதலில் சிக்கலுக்கு உள்ளாகிறது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் லூயிஸ் தீவில் உள்ள கலனிஷ் நெடுங்கற்களின் படம்தான் அது. கி.மு. 2900 வாக்கில் நாட்டப்பட்ட இக்கற்கள் நடுவில் 13 கற்கள் கொண்ட வட்டமாகவும், வட்டத்துக்குள் ஏறத்தாழ 4.8 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல்லாகவும், வடக்கு நோக்கி நீளும் இரட்டை வரிசையாகவும் அமைந்தவை. கேலிக் மொழி அந்தத் தீவுக்கு வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அவை நின்றுகொண்டிருந்தன என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். கேலிக் மரபு அவற்றைக் கட்டவில்லை. அவற்றுக்குக் கதைகளைத் தந்தது. திருமுழுக்குப் பெற மறுத்த அரக்கர்களைப் புனித கீரன் கல்லாக்கினார் என்பது அக்கதைகளில் ஒன்று. கற்களைவிடவும் கேலிக் கற்பனைக்கு நெருக்கமானது தெற்குத் தொடுவானில் தெரியும் மலைவரிசை. படுத்திருக்கும் பெண்ணின் உருவம் போன்ற அந்த வரிசையை ‘சதுப்பு நிலத்துக் கிழவி’ என்று உள்ளூர் மக்கள் அழைக்கிறார்கள். 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலவு தன் தென்கோடி எல்லையை எட்டும் காலத்தில், அது அந்தக் கிழவியின் உடலிலிருந்து எழுந்து மலைகளை உரசியபடி தாழ்வாகவே நகர்ந்து மறைகிறது. வடக்கு வரிசையில் நின்று பார்ப்பவருக்கு அந்த நிலவு கற்களுக்கிடையே நுழைவதுபோல் தெரியும்.

இங்கேதான் பெரும்பாலான கலனிஷ் படங்கள் தவறுகின்றன. புகைப்படக்காரர் தரையோடு குனிந்து, கற்களை வானத்துக்கு எதிராக நிறுத்தி, பின்னணியில் வடதுருவ ஒளியையோ நட்சத்திரங்களையோ வைக்கிறார். படம் அழகாகவே இருக்கிறது. ஆனால் தாழ்ந்த கோணத்தில் மலைவரிசை கற்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. கிழவி இல்லாத கலனிஷ் எந்தக் கல்வட்டமாகவும் இருக்கலாம். கலனிஷ் படம் வாங்க விரும்புபவர் வடக்கிலிருந்து தெற்கே பார்க்கும் படமாகவும், தொடுவானம் வெட்டப்படாத படமாகவும் தேட வேண்டும் என்பதே என் பரிந்துரை. ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையான லூயிசியன் நைஸ் பாறையில் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக ஓடும் வரிகள் ஒவ்வொரு கல்லிலும் வேறுபட்டிருப்பதால், அவ்வரிகளைத் துல்லியமாகக் காட்டும் கறுப்பு வெள்ளைப் புகைப்படமோ, உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடும் எட்சிங்கோ இவ்விடத்துக்குப் பொருந்தும். பட்டுத்திரை வழியாக மையை அழுத்தி அச்சிடும் தட்டையான ஸ்கிரீன் பிரின்டில் கற்கள் வெறும் நிழலுருவங்களாகிவிடுகின்றன.

ஸ்கெல்லிக் மைக்கேலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அயர்லாந்தின் கெரி மாவட்டக் கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக்கிலிருந்து 218 மீட்டர் எழும் இந்தப் பாறையின் உச்சியருகே, தேன்கூடு வடிவக் கற்குடில்களில் துறவிகள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள்; 1996இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சினிமா வழியாகப் பெயர்பெற்ற பிறகு அதன் படங்கள் எங்கும் நிறைந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சினிமாவின் நினைவுப் பொருள்களே. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. அருகில் உள்ள சிறிய ஸ்கெல்லிக் பாறையில் கன்னெட் கடற்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் பாறையின் வெண்மை முழுவதும் பறவைகளும் அவற்றின் எச்சமுமே. தகட்டில் சாம்பல் நிறப் படிகளை உண்டாக்கி அச்சிடும் அக்வாடின்ட் முறையில் இதைச் செய்யும்போது, மை படாமல் விடப்பட்ட தாளின் வெண்மையே பறவைகளாகிவிடுகிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து மேற்குக் கரைகளின் பாறைத் தீவுகளை வாழ்நாள் முழுவதும் அக்வாடின்டில் செய்த ஆங்கிலேயக் கலைஞர் நார்மன் அக்ராய்ட் (1938–2024) இந்த உண்மையை நன்கு புரிந்துகொண்டிருந்தார். அவருடைய வழியில் வந்த ஒரு படம் கிடைத்தால் ஸ்கெல்லிக் தேர்வுக்கு உரியது. கிடைக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போவதே நல்லது.

அடுத்து ஐயோனா. ஸ்காட்லாந்தின் மல் தீவின் தென்மேற்கு முனைக்கு எதிரே, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமே உள்ள இச்சிறு தீவுக்கு 563இல் அயர்லாந்திலிருந்து புனித கொலம்பா தம் தோழர்களுடன் வந்து மடம் அமைத்தார். கேலிக் உலகின் இரு கரைகளையும் இணைத்த மையம் அது. ‘கெல்ஸ் நூல்’ எனப்படும் அலங்கார நற்செய்திச் சுவடி 800 வாக்கில் இங்கே தொடங்கப்பட்டிருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 8ஆம் நூற்றாண்டில் நாட்டப்பட்ட புனித மார்ட்டின் சிலுவை இன்றும் மடத்துக்கு வெளியே அதே இடத்தில் நிற்கிறது. இத்தனை இருந்தும் ஐயோனாவின் புகழ்பெற்ற ஓவியங்கள் பெரும்பாலும் மடத்தைக் காட்டுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவை தீவின் வடமுனையில் உள்ள வெண்மணலையும், மணல் அடித்தளத்தால் பச்சை கலந்த நீலமாக ஒளிரும் ஆழமற்ற கடலையும், எதிர்க்கரையில் மல் தீவின் பென் மோர் மலையையும் காட்டுகின்றன.

அந்த ஓவியங்களுக்குரியவர்கள் செறிந்த வண்ணங்களுக்குப் பெயர்பெற்ற ‘ஸ்காட்டிஷ் கலரிஸ்ட்’ ஓவியர் குழுவைச் சேர்ந்த எஃப். சி. பி. கடெல், எஸ். ஜே. பெப்லோ ஆகிய இருவர். கடெல் 1912இல் முதன்முறையாக ஐயோனா சென்று, அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பெரும்பாலான கோடைகளில் திரும்பத் திரும்ப அங்கே வரைந்தார். 1920 முதல் பெப்லோவும் அவருடன் சேர்ந்துகொண்டார். பெப்லோ 1935இலும் கடெல் 1937இலும் இறந்ததால், இறப்புக்குப் பின் 70 ஆண்டு என்ற பிரிட்டனின் பதிப்புரிமைக் காலம் இருவருக்கும் முடிந்துவிட்டது. ஆகவே அருங்காட்சியகங்களும் தனியார் அச்சகங்களும் இவர்களின் படங்களைத் தாராளமாக மறுஅச்சிடுகின்றன. விலையும் குறைவு. தரத்தில்தான் பெரும் ஏற்றத்தாழ்வு உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் முடிவையே தீர்மானிக்கும். கடெல் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும் வெண்ணிறப் பூச்சின் மேல் வரைந்தார். அதனால் வண்ணங்கள் பளபளப்பின்றி, சுண்ணாம்புச் சுவரில் பூசியது போன்ற மங்கிய ஒளியுடன் அமைந்தன. தம் ஓவியங்கள் பலவற்றின் பின்புறத்தில் ‘உறிஞ்சும் பூச்சு, ஒருபோதும் வார்னிஷ் அடிக்க வேண்டாம்’ என்ற பொருளில் அவரே எழுதியும் வைத்தார். ஐயோனாவின் ஒளியை அவர் பிடித்ததே அந்த மங்கிய மேற்பரப்பின் வழியாகத்தான். இதே ஓவியத்தைப் பளபளப்பான புகைப்படத் தாளிலோ, வார்னிஷ் அடித்த கேன்வாஸ் துணியிலோ அச்சிட்டு விற்பவர்கள் ஓவியர் எழுதி வைத்த வேண்டுகோளையே மீறுகிறார்கள். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். ஏனெனில் சரியான தாள் அதிக விலை உள்ளதும் அன்று. மேட் பூச்சுள்ள பருத்தித் தாளில் நிறமிமை இங்க்ஜெட் முறையில் அச்சிட்டால் கடெலின் வெண்மணல் வெண்மணலாகவே நிற்கிறது. ஐயோனாவைத் தேர்ந்தெடுப்பவர் தாளைப் பற்றி விற்பவரிடம் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அளவுகோலின்படி ஐயோனாவுக்கு ஒரு குறையும் உண்டு. கடெலின் கடற்கரைகளில் யாத்திரிகர் இல்லை, சிலுவை இல்லை, 101 மீட்டர் உயரமுள்ள டூன் ஈ குன்றின் வடபுறத்தில் முதுமையைப் போக்குவதாகச் சொல்லப்படும் சுனையும் இல்லை. ஒளி மட்டுமே இருக்கிறது. அந்த ஒளியே அத்தீவுக்கு மக்களை இழுத்தது என்று வாதிடலாம். அந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். மடத்தின் வரலாறு முழுவதையும் அறிந்தவருக்கு அந்த வெறும் மணல் போதும். அறியாதவருக்கு அது அழகான கடற்கரைப் படமாக மட்டுமே நின்றுவிடும் அபாயம் இருக்கிறது.

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் க்ளூ விரிகுடாவின் தென்கரையில் நிற்கும் குரோ பேட்ரிக் மலைக்கு இந்த அபாயம் இல்லை. 764 மீட்டர் உயரமும் கூம்பு வடிவமும் கொண்ட இந்தக் குவார்ட்சைட் மலையில் 441ஆம் ஆண்டில் புனித பேட்ரிக் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்பது மரபு. அதற்கு முன்பே லூனசா அறுவடைத் திருநாளோடு அம்மலைக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்படுகிறது. ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிறன்று இன்றும் ஆயிரக்கணக்கானோர் மலையேறுகிறார்கள். சிலர் வெறுங்காலோடு கூர்ங்கற்களின் மேல் ஏறுகிறார்கள். தோள்பகுதியில் உள்ள முதல் நிலையத்தில் கற்குவியலை ஏழுமுறை சுற்றி ஜெபிப்பதும், உச்சியில் 1905இல் கட்டப்பட்ட சிற்றாலயத்தைப் பதினைந்து முறை சுற்றுவதும் முறை. 1980களில் மலைக்குள் தங்கம் இருப்பது கண்டறியப்பட்டபோது, சுரங்கம் தோண்டும் முயற்சியை உள்ளூர் மக்கள் எதிர்த்துத் தடுத்துவிட்டார்கள். புனிதம் என்ற சொல்லுக்கு அம்மக்கள் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதால்தான் இந்த மலைக்கு என் மதிப்பீட்டில் தனி இடம் உண்டு.

படத்தில் இது எப்படித் தெரியும்? மர்ரிஸ்க் சிற்றூர்ப் பக்கமிருந்து மலையைப் பார்ப்பவர்களுக்குத் தோள்பகுதியிலிருந்து கூம்பின் உச்சிவரை ஏறும் வெளிறிய கோடு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அது ஓடையும் அன்று, பாறைப் பிளவும் அன்று. தலைமுறை தலைமுறையாக ஏறியிறங்கிய கால்கள் மேல்மண்ணைத் தேய்த்துக் கல்லை வெளிக்கொணர்ந்த தடம் அது. குரோ பேட்ரிக்கின் படம் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். கோடு இருந்தால் கலைஞர் அந்த மலையைப் பார்த்திருக்கிறார். அதில் ஏறியவர்களையும் பார்த்திருக்கிறார். கூம்பை வழவழப்பாக்கிக் கோட்டை அழித்துவிட்ட படங்களும் உண்டு. அவற்றில் மலை எரிமலை போலவோ பிரமிட் போலவோ நிற்கிறது. அது மேயோவின் மலையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மேயோ நிலக்காட்சி என்றதும் பலரும் பால் ஹென்றியின் (1876–1958) படங்களைத் தேடுவார்கள். பெல்ஃபாஸ்டில் பிறந்து பாரிஸில் பயின்ற அவர் 1910இல் மேயோவின் ஆக்கில் தீவுக்குச் சென்று 1919 வரை அங்கேயே தங்கினார். தாழ்ந்த தொடுவானம், அதன் மேல் திரண்டெழும் வெண்மேகங்கள், நீல மலை, மலையடியில் வெள்ளையடித்த ஓலைக்கூரை வீடுகள் என்று மேற்கு அயர்லாந்தின் படிமத்தையே அவர் உருவாக்கினார். 1920களில் ரயில்வே நிறுவனத்துக்காக அவர் செய்த விளம்பரப் படங்கள் வழியாக அப்படிமம் உலகெங்கும் பரவியது. அவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரிவரத் தெரியாத நிறக்குறை இருந்தது. அவர் படங்களில் நீலமும் சாம்பலும் ஆட்சி செய்வதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். மறுஅச்சு வாங்குபவருக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நீலத்தின் சிறு படிநிலைகளே படத்தின் முழு உயிர் என்பதால், அச்சில் நீலம் சற்றே ஊதாப் பக்கம் சாய்ந்தாலும் படம் கெட்டுவிடும். மேலும் அவர் இறந்தது 1958இல் என்பதால் ஐரோப்பாவில் பதிப்புரிமை 2028 முடியும்வரை நீடிக்கிறது. மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் பால் ஹென்றி அச்சு உரிமை பெற்று வெளியிடப்பட்டதா என்று விசாரிப்பது நேர்மையான வாங்குபவரின் கடமை.

மேற்கூறிய நான்கும் பெயர்பெற்ற இடங்கள். கேலிக் மரபின் உயிர்நாடி இதைவிடச் சிறிய, அதிகம் அறியப்படாத இடங்களில் இருக்கிறது என்று கருதுபவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, கெரி மாவட்டத்தில் ராத்மோர் அருகே உள்ள அனு தேவியின் இரட்டை மலைகள். 694, 690 மீட்டர் உயரமுள்ள இவ்விரண்டும் நிலமகளின் மார்பகங்களாகவே பழங்காலம் முதல் பெயரிடப்பட்டவை. ஏறத்தாழ 900ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய ஐரிஷ் சொல்விளக்கச் சுவடி ஒன்று அனுவை அயர்லாந்தின் தெய்வங்களுக்குத் தாய் என்று குறிக்கிறது. இரு உச்சிகளிலும் வரலாற்றுக்கு முந்தைய கற்குவியல்கள் இருப்பதால் தொலைவிலிருந்து வடிவம் முழுமையடைகிறது. மலையடியில் ஷ்ரோன் என்ற இடத்தில் உள்ள, கல்மதில் சூழ்ந்த பழைய வளாகத்துக்கு மே முதல் நாளில் மக்கள் வந்து சுற்றி வழிபடுவதும், அங்குள்ள ஊற்று நீரைக் கால்நடைகளின் நலனுக்காக எடுத்துச் செல்வதும் நெடுங்கால வழக்கம். பாலும் கால்நடையும் வாழ்வாதாரமான சமூகம் நிலத்தை ஏன் தாயாகக் கண்டது என்பதை இங்கே மலையின் உருவமே விளக்கிவிடுகிறது.

மற்றொன்று, ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் க்ளென் லயன் பள்ளத்தாக்கின் மேற்கோடிக்கும் அப்பால், ஒரு கிளைப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வீடு; அதற்குள் ஆற்றுநீர் தேய்த்து உருவாக்கிய, இடுப்பு சிறுத்த கனமான கற்கள். அவற்றில் பெரியது கல்யாக் எனப்படும் மூதாட்டி. குளிர்காலத்துக்கும் மலைகளுக்கும் மான்களுக்கும் உரிய கேலிக் தெய்வப் பெண் அவள். அடுத்தது அவள் கணவன், பிறகு அவர்களின் பிள்ளைகள். பெல்டேனின்போது இக்கற்களை வெளியே எடுத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வைப்பதும், சவினின்போது மீண்டும் உள்ளே வைத்து வாசலைக் கற்களாலும் பாசியாலும் அடைப்பதும் மேய்ப்பர்களின் வழக்கமாக இருந்து வருகிறது. கோடையில் மந்தைகளை மேலே ஓட்டிச் செல்லும் காலமும் குளிர் வருமுன் கீழே இறக்கும் காலமும் அவைதாம். நிலத்தின் புனிதமும் மேய்ச்சல் தொழிலும் ஒரே கையசைவில் இணையும் இடம் இதுபோல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இவ்விடத்தை நிலக்காட்சிப் படமாக்குவது கடினம். வீட்டை அருகில் காட்டினால் நிலம் போய்விடுகிறது. நிலத்தைக் காட்டினால் வீடு ஒரு புள்ளியாகிவிடுகிறது. பெரிய அளவில் அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்கு இது ஏற்ற பொருள் அன்று. உள்ளங்கை அகலமே உள்ள சிறு மரச்செதுக்கு அச்சாகச் செய்து, படிக்கும் மேசையருகே, கைக்கெட்டும் தொலைவில் வைக்கத் தக்கது.

இனி அச்சு முறைகளுக்கு வருகிறேன். இங்கே அடிப்படைப் பிரிவு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள ஓவியத்தையோ புகைப்படத்தையோ படியெடுத்து அச்சிடுவது மறுஅச்சு. செம்புத் தகட்டிலோ லினோலியத்திலோ மரத்திலோ பட்டுத்திரையிலோ கலைஞர் நேரடியாக உருவாக்கி, தாளில் முதன்முதலாகத் தோன்றும்படி அச்சிடுவது மூல அச்சு. ‘ஜிக்லே’ என்ற பகட்டான பெயரில் விற்கப்படுவது உயர்தர இங்க்ஜெட் மறுஅச்சேயாகும். கடெலுக்கு அது மிகப் பொருத்தமானது என்று மேலேயே சொன்னேன். ஆனால் அதில் ஐம்பது படிகளில் பன்னிரண்டாவது என்ற பொருளில் பென்சிலால் 12/50 என்று எண் இட்டுவிட்டால் அது மூல அச்சாகிவிடாது. கோப்பு கணினியில் இருக்கும்வரை ஐம்பதோடு நிறுத்தியது விற்பவரின் வாக்குறுதி மட்டுமே. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இங்க்ஜெட்டில் நுண்ணிய மைத்தெறிப்புகள் தெரியும். எட்சிங்கில் தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றி ஓடும், விரலால் உணரலாம். லினோலியப் பலகையைச் செதுக்கி அச்சிடும் லினோகட்டில் புள்ளிகளே இராது. மை திரண்ட விளிம்புகள் கோடுகளின் ஓரத்தில் தெரியும்.

அக்வாடின்ட் முறையில் பிசின் தூளைத் தகட்டின் மேல் தூவி உருக்கிப் படியவைத்து, அமிலத்தில் மூழ்க வைக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் சாம்பல் நிறத்தின் பல படிகளை உண்டாக்குகிறார்கள். மழைத்திரையும் கடல்மூட்டமும் தொலைமலைகளும் இதில் இயல்பாக வருகின்றன. பெருமழை நகரும் அட்லாண்டிக் கரைக்கு இதைவிடப் பொருந்திய முறை கிடையாது என்றே சொல்வேன். ஆனால் படம் பெரும்பாலும் சிறியதாகவும் இருண்டதாகவும் இருக்கும். வெளிச்சம் குறைந்த கூடத்தில் இரண்டடி தள்ளி நின்றாலே விவரங்கள் தொலைந்துவிடும்.

லினோகட்டின் இயல்பு இதற்கு எதிரானது. அதில் சாம்பல் படிகள் இல்லை. வெட்டியது வெள்ளை, வெட்டாதது மை. பல வண்ணங்களுக்கு ஒரே பலகையைப் படிப்படியாகச் செதுக்கிக் குறைத்துக்கொண்டே அடுத்தடுத்த வண்ணத்தை அச்சிடும் முறையும் உண்டு. அம்முறையில் கடைசி வண்ணம் அச்சானதும் முந்தைய நிலைகள் பலகையில் இல்லாமல் போய்விடுவதால், பதிப்பின் எண்ணிக்கை பேச்சளவில் நிற்காமல் உண்மையாகவே முடிந்துவிடுகிறது. மலையின் வடிவம் தெளிவாகவும் கோடுகள் உறுதியாகவும் உள்ள இடங்களுக்கு லினோகட் ஏற்றது. குரோ பேட்ரிக்கின் கூம்பும் அனுவின் இரட்டை மலைகளும் அத்தகையவை. இதில் எனக்கு மிகப் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு. குரோ பேட்ரிக்கின் யாத்திரைத் தடத்தை லினோகட்டில் காட்ட வேண்டுமானால், கலைஞர் உளியால் மேற்பரப்பைச் செதுக்கி எடுத்துத்தான் ஆக வேண்டும். கால்கள் மண்ணைத் தேய்த்து உண்டாக்கிய கோடு, பலகையிலும் பொருளை அகற்றுவதாலேயே உருவாகிறது. ஓவியத்தில் அதே கோடு மேலே பூசப்படும் வண்ணம்.

ஆகவே ஒரே ஒரு படம், நடுத்தர அளவு, பலர் வந்துபோகும் அறை என்ற நிலையில் என் தேர்வு குரோ பேட்ரிக்கின் மூல லினோகட். அதை அயர்லாந்தின் அச்சுப் பட்டறைகள் வழியாகக் கலைஞரிடமிருந்தே வாங்குவது நல்லது. 1960இல் தொடங்கப்பட்ட டப்ளினின் கிராஃபிக் ஸ்டுடியோ போன்ற அமைப்புகளில் கலைஞர் பெயர், பதிப்பு எண்ணிக்கை, தாள், மை ஆகியவற்றைக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். ஸ்காட்லாந்து இடங்களுக்கு 1967இல் தொடங்கிய எடின்பரோ பிரின்ட்மேக்கர்ஸையும் 1972இல் தொடங்கிய கிளாஸ்கோ பிரின்ட் ஸ்டுடியோவையும் பார்க்கலாம். அங்கு கொடுக்கும் விலை சுவரொட்டிக் கடை விலையைவிடப் பல மடங்கு இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது நிலத்தை அறிந்த ஒருவரின் உழைப்புக்குப் போய்ச் சேருகிறது.

அவ்வளவு செலவு இயலாதவர் அதைவிட மலிவான குரோ பேட்ரிக் மறுஅச்சைத் தேடுவதைவிட, மேட் தாளில் அச்சிட்ட கடெலின் ஐயோனாவை வாங்குவதே சிறந்தது. அங்கே மறுஅச்சு என்பது குறையன்று. நல்ல ஓவியத்தை நேர்மையாகப் படியெடுத்தது என்ற மதிப்பு அதற்கு உண்டு. கலனிஷ் மேல் பற்று உள்ளவர் தெற்குத் தொடுவானம் தெரியும் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்காகக் காத்திருக்கலாம். தனக்கென ஒரு மேசை மட்டும் உள்ளவருக்கு க்ளென் லயனின் சிறு மரச்செதுக்கு அச்சு என் தேர்வையும் மிஞ்சிவிடக்கூடும்.

சட்டமிடுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அமிலமற்ற பருத்தி மவுண்ட் போர்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அல்லது அக்ரிலிக், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே வெளிச்சம் வைக்கின்றன. வீட்டில் அவ்வளவு குறைப்பது இயலாது என்றாலும் நேர்வெயில் படும் சுவரைத் தவிர்த்தே ஆக வேண்டும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் வெளிப்புறச் சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்ட வேண்டும். பின்புறத்தில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று செல்ல வழிவிட்டால் தாளில் பழுப்புப் புள்ளிகள் விழுவது பெருமளவு குறையும். கடெல் மறுஅச்சு வாங்கியவர்கள் எதிரொளிப்பு இல்லாத கண்ணாடியையே கேட்டு வாங்க வேண்டும். மேட் தாளுக்கு முன்னால் பளபளக்கும் கண்ணாடி வைத்தால் தாளுக்குக் கொடுத்த பணம் வீண்.